மன்னாரில் பிடிபட்டவை கடற்கன்னிகள் அல்ல

"யாழ்ப்பாணக் கரையில் கடற்கன்னி ஒதுங்கியது! 1560 இலேயே மன்னாரில் ஏழு பிடிபட்டன, மருத்துவரே மனித உடல் என்று உறுதிப்படுத்தினார்" என்று ஓர் உலர்ந்த உடலின் படத்தோடு வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மன்னார்க் கதைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. 1560 இல் ஏழு பிராணிகள் பிடிபட்டதாகவும், அவற்றைப் போர்த்துக்கேய ஆளுநரின் மருத்துவர் கோவாவில் அறுத்துப் பார்த்து உள்ளுறுப்புகள் மனிதருடையவை போன்றவை என்றதாகவும் இயேசுசபையினரின் குறிப்பு உண்டு. இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1861 இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் இதைப் பார்க்கலாம். அவரே இக்கதைகளுக்கு மூலம் ஆவுளியா, அதாவது கடற்பசு, என்கிறார். பெண் ஆவுளியாவுக்கு முலைகள் முன்துடுப்புகளின் அடியில், மார்புப் பக்கமாக இருக்கின்றன. நுரையீரலால் மூச்சு விடுகிறது. அறுத்தவருக்கு மனித உடல் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. 1811 இல் ஜெர்மன் விலங்கியலாளர் இல்லிகர் ஆவுளியா அடங்கிய விலங்கு வரிசைக்குச் 'சைரீனியா' என்று கிரேக்கக் கடல்மோகினிகளின் பெயரையே வைத்தார். ஆனால் நெருங்கிய உறவு யானையோடுதான்.

படம் வேறு கதை. அதைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இடுப்புக்குக் கீழே செதில்கள், செங்குத்தான வால். கடல் பாலூட்டி எதற்கும் செதில் கிடையாது. ஆவுளியாவின் வால் கிடையாக விரிந்தது. குரங்கின் மேலுடலை மீன்வாலோடு தைத்த இத்தகைய பொம்மையைத்தான் 1842 இல் அமெரிக்கக் கேளிக்கைக் காட்சி வணிகர் பார்னம் நியூயோர்க்கில் காட்சிக்கு வைத்துக் காசு பார்த்தார்.

இச்செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். கரையில் உண்மையான ஆவுளியாவைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம்.