அம்மா எந்தக் கணக்கில்?

"வேலையில்லாத் திண்டாட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2017-18-இல் 6.1 சதவீதம், 2023-24-இல் 3.2 சதவீதம். எண்கள் சரிதான், மத்திய அரசு வீடு வீடாக எடுக்கிற வேலை பற்றிய கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். ஆண்டறிக்கையில் இருப்பவைதான். அதைப் பொய் என்று திட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த வருடங்களில் வருடத்துக்குச் சுமார் 1 லட்சம் குடும்பங்களை நேரில் பார்த்துக் கேட்டு எடுத்த கணக்கு அது. என்ன கேட்கிறார்கள், எதை வேலை என்று எழுதிக்கொள்கிறார்கள் என்று பார்க்காமலே இரண்டு பக்கமும் சண்டை போடுவதுதான் வருத்தமாக இருக்கிறது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஊரில் மூன்று கறவை மாடுகள். அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைத்து, பால் கறந்து கேனில் ஊற்றி வைப்பார். அப்பா அதை வண்டியில் சொசைட்டிக்குக் கொண்டுபோவார். சொசைட்டி அட்டை அப்பா பெயரில். பத்து நாளைக்கு ஒருமுறை பணம் ஏறுவதும் அப்பா கணக்கில். அம்மாவிடம் யாராவது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "நான் வீட்லதான்ப்பா இருக்கேன்" என்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதே பதில்.

கணக்கெடுப்பவர் இதை அப்படியே எழுதிக்கொண்டால் அம்மாவுக்கு 92 என்ற குறியீடு: வீட்டு வேலை மட்டும். வேலையில் இருப்பவர் பட்டியலிலும் வரமாட்டார், வேலை தேடுபவர் பட்டியலிலும் வரமாட்டார். அவரே கொஞ்சம் துருவி, "மாட்டை யாரும்மா பாத்துக்கிறது? பால் விக்கிறீங்களா?" என்று கேட்டால் குறியீடு 21: குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர். அந்த நிமிடமே அம்மா வேலையில் இருப்பவர் ஆகிவிடுவார். மாடும் அதே மாடு, அம்மா கைக்கு வருவதும் அதே ஒன்றுமில்லை.

வேலையின்மை விகிதம் என்பது, வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் கூட்டி, அதில் தேடுபவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்ப்பது. 21-இல் ஆட்கள் சேரச் சேர, புதிதாக ஒரு சம்பள வேலைகூட வராமலே விகிதம் இறங்கும். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்போர் பட்டியலுக்குள் (வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்தது) வந்தவர்கள் 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7. ஆறே வருடத்தில் இவ்வளவு! எல்லாம் துருவிக் கேட்டதால் வந்தது என்று நான் சொல்லவில்லை. கொரோனாவுக்குப் பிறகு வருமானம் பத்தாமல் நிலத்திலும் கடையிலும் இறங்கிய பெண்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் 2023-24-இல் வேலையில் இருப்பதாக எழுதப்பட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த 21-தான். அம்மாவைக் கணக்கில் சேர்ப்பது நியாயம், என்றைக்கோ சேர்த்திருக்க வேண்டும். அவரைக் காட்டி வேலை பெருகிவிட்டது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

சரி, அப்போது எதைப் பார்ப்பது? ஒரே ஒரு விகிதத்தை விட்டுவிட்டு, யார் எந்த வகை வேலையில் இருக்கிறார்கள் என்ற அட்டவணையைப் பாருங்கள். இதே ஆறு வருடத்தில், வேலையில் இருப்பவர்களில் சுயதொழில் செய்பவர்கள் 52.2-இலிருந்து 58.4 சதவீதம் ஆகியிருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்கள் 22.8-இலிருந்து 21.7-ஆகக் குறைந்திருக்கிறார்கள். பி.இ. முடித்துவிட்டு, 2020-இல் சென்னையிலிருந்து திரும்பி, இன்னும் மாமா கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என் மாமா பையனும் இந்தச் சுயதொழிலுக்குள்தான் வருவான்.

அப்புறம் விவசாயம். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். 1993-94-இல் நாட்டில் உழைப்பவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள். கால் நூற்றாண்டாக மெல்ல மெல்லக் குறைந்து 2018-19-இல் 42.5-க்கு வந்தது. பிறகு திரும்பி ஏறி 2023-24-இல் 46.1. நிலத்தை விட்டு வெளியே போனவர்கள் நிலத்துக்கே திரும்பியிருக்கிறார்கள், அங்கே விளைச்சலோ விலையோ அவர்களுக்காகக் கூடிவிடவில்லை. ஒரு வருட அறிக்கையை மட்டும் கையில் வைத்திருந்தால் இது கண்ணில் படாது.

இன்னொன்று. மேலே உள்ள 3.2, வருடத்தில் 30 நாள் வேலை செய்தவரையும் வேலையில் இருப்பவராகச் சேர்த்த கணக்கு. 2025 ஏப்ரல் முதல் மாதாமாதம் வரும் வேலையின்மை விகிதம், கடைசி ஏழு நாளை வைத்து எடுப்பது. அந்த ஏப்ரலின் 5.1-ஐ இந்த 3.2-க்குப் பக்கத்தில் வைத்து ஏறியது இறங்கியது என்று பேசவே கூடாது.

கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், திண்ணையில் இருக்கிற ஆண் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே இருப்பவரையும் கூப்பிடுங்கள். அட்டை யார் பெயரில் இருந்தாலும், பால் கறப்பது யார் என்று சொல்லுங்கள்.