‘நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதியில்லை’: அப்படி ஒரு பலகை இருந்ததா?

ஷாங்காய் ஹுவாங்பூ பூங்கா வாசலில் வெள்ளைக்காரர்கள் இப்படி எழுதி வைத்திருந்தார்களாம், வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்த ஒற்றை வரிப் பலகைக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. நடிகர் புரூஸ் லீ உதைத்து உடைப்பது ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’ என்ற 1972 படத்துக்காகச் செய்த பலகை.

பூங்காவின் 1917 விதிப்பட்டியலில் முதல் விதி: பூங்கா வெளிநாட்டவருக்கு மட்டும். நாலாவது: நாய், சைக்கிள் கூடாது. இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக்கிவிட்டார்கள்.

அதற்காகச் சீனர்களை உள்ளே விட்டார்கள் என்று அர்த்தமில்லை. வெள்ளைக்காரக் குழந்தையோடு வந்த சீன ஆயா உள்ளே போகலாம். காசுள்ள சீன வியாபாரி வெளியேதான். 1928-ல்தான் கதவு திறந்தது, அதுவும் கட்டணத்தோடு.

சரிபார்க்க: ‘சைனா குவார்ட்டர்லி’ ஆய்விதழில் வரலாற்றாசிரியர்கள் பிக்கர்ஸ், வாசர்ஸ்ட்ராம் எழுதிய 1995 கட்டுரை. அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.