"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுணா" என்று இனி எவனாவது சொல்லட்டும்

வயிறு எரிகிறது, எழுதித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். என்னிடம் ஒரு பழைய எம்எம் 540 ஜீப் இருக்கிறது. பியூஜோவின் எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2112 சிசி. அந்த 90 என்பது சிலிண்டரின் குறுக்களவு, மில்லிமீட்டரில். சத்தம் போடும், புகை விடும், ஆனால் மலையேறச் சொன்னால் முணுமுணுக்காமல் ஏறும். அது நான்கு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. காட்பாடி, சத்துவாச்சாரி என்று வேலூருக்குள் சுற்றினால் ஒன்றும் தெரியாது, கிரீன் சர்க்கிள் நெரிசலில் மட்டும் சூடு காட்டும் முள் கொஞ்சம் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். ஆனால் அமிர்தி தாண்டி ஜவ்வாது மலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மிதிக்க ஆரம்பித்து மூன்று கிலோமீட்டர் போனால் முள் சிவப்பில் நிற்கும்.

நான்கு மெக்கானிக். நான்கு பேரும் முதலில் சொன்னது ஒரே வசனம். "வெயிலூருணா இது. தெர்மோஸ்டாட்லாம் குளிர் ஊருக்காரன் வெச்சது, நமக்கு இன்னாத்துக்கு? கழட்டிப் போட்டா சொம்மா ஐஸ் மாதிரி ஓடும்." முதல் ஆள் சொன்னதோடு நிற்கவில்லை, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கழற்றியே போட்டுவிட்டான். கேட்டால் பெருமையாக உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறான், பிரசவம் பார்த்தவன் மாதிரி.

தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். உள்ளே மெழுகு இருக்கிறது. தண்ணீர் சுமார் 82 டிகிரி வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது, அதுவரை, சூட்டை ஆற்றும் ரேடியேட்டர் பக்கம் விடாமல் தண்ணீரை இன்ஜினுக்குள்ளேயே சுற்ற வைக்கிறது. டீசல் இன்ஜின் அந்தச் சூட்டுக்கு வந்தால்தான் ஒழுங்காக எரியும், ஆயில் ஒழுங்காக ஓடும். கழற்றிப் போட்டால் காலையில் இன்ஜின் சூடேறவே நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரின் உள்சுவரான லைனர் தேயும். இன்னொரு கூத்தும் உண்டு. சில இன்ஜின்களில் வால்வு திறக்கும்போது அதன் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பவும் இன்ஜினுக்குள் போகும். கொதிக்கிறது என்று கழற்றினால் அதனாலேயே இன்னும் கொதிக்கும்! இதை அவனிடம் சொன்னேன். "நெட்ல படிச்சியாணா?" என்றான்.

வீட்டுக்கு எடுத்துவந்து, டீ போடும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தெர்மாமீட்டரும் போட்டு அடுப்பில் வைத்தேன். எண்பதைத் தாண்டியதும் அழகாகத் திறந்தது. அடுப்பை அணைத்ததும் மூடிக்கொண்டது. சாமான் நல்ல சாமான், தண்டனை மட்டும் அதற்கு. (அந்தப் பாத்திரத்தில் இனி டீ கிடையாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது, அது தனிச் செலவு.)

இரண்டாவது ஆள் ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டான், அதாவது அதன் குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்தினான். அதில் எனக்குக் கோபம் இல்லை, நிஜமாகவே அடைப்பு இருந்தது. முன்பு வைத்திருந்தவர் வருடக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். நம் பக்கத்து போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த வழக்கு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன ஊர் ஐயா இது. அந்த உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குழாய்க்குள் ஓட்டினால் சுண்ணாம்பு படியாமல் வேறு என்ன படியும்? ஆனால் அடைப்பை எடுத்த அதே ஆள், வேலை முடிந்ததும் பக்கத்துக் குழாயில் பக்கெட்டை நீட்டுகிறான். கூலண்ட் வாங்கி வந்திருக்கிறேன், டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்திருக்கிறேன், கண்ணெதிரே இருக்கிறது. "தண்ணியே போதும்ணா, சொம்மா காசு வேஸ்ட்." அந்த பக்கெட்டைப் பிடுங்கி வைப்பதற்குள் எனக்குக் கொதித்த கொதிப்பை அளக்க ஒரு மீட்டர் கிடையாது.

அப்புறம் வாட்டர் பாடி, அதாவது தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்ப், அதை மாற்றினார்கள். அப்புறம் ரேடியேட்டர் மூடி. அப்புறம் மூன்றாவது ஆள் வந்து "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்" என்றான். போயிருக்கும்! இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தகடு போயிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். வண்டி ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழி விடாமல் வருகிறதா, ஹோஸ் உடனே கல் மாதிரி இறுகுகிறதா, ஆயில் டிப் ஸ்டிக்கில் மோர் மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எதுவும் பார்க்கவில்லை, ஹெட்டை இறக்கிவிட்டான். உள்ளே பழைய கேஸ்கெட் எந்தக் குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. சரி, இறக்கியாகிவிட்டது, புதுசு போட்டு மாட்டு என்றேன். போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் எங்கே என்று கேட்டேன். தன் முழங்கையைத் தட்டிக் காட்டினான். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், அதற்கே எவ்வளவு ஆலோசனை, எவ்வளவு பேச்சு. என் இன்ஜினைப் பிரிக்க இவர்களுக்கு ஒரு பேச்சும் தேவைப்படவில்லை.

ஹெட் மாட்டிய சந்தோஷத்தில் மாமனாரையும் ஏற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூர் கிளம்பினேன். அதே ஏற்றம், அதே சிவப்பு. மாமனார் இறங்கி ஓடையிலிருந்து கேனில் தண்ணீர் மொண்டுவந்து, "ஊத்துங்க மாப்ள, ஊத்துங்க" என்று நிற்கிறார். கொதிக்கிற ஹெட்டில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் மாமா, சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் மாமா என்று சொல்லிச் சொல்லி ஒரு மணி நேரம் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். "இத வித்துடுங்களேன்" என்றார். நான்காவது மெக்கானிக்கும் அதையேதான் சொன்னான், "இந்த வண்டியே அப்டித்தாணா" என்று.

அன்றைக்கு ராத்திரி நானே பானெட்டைத் திறந்தேன். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் ஐடிலில் வைத்துத்தான் பார்த்தார்கள். மலையில் வண்டி ஐடிலிலா ஏறுகிறது? இன்ஜின் சூடானதும் ஆக்ஸிலரேட்டரைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்துக் கீழே பார்த்தேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பாடிக்குப் போகும் கீழ் ஹோஸ், பழச்சாற்றை ஸ்ட்ராவில் உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி சப்பென்று ஒட்டிக்கொண்டது. கையை விட்டேன், உப்பிக்கொண்டது. இழுத்தேன், ஒட்டியது. அந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சும் பக்கம், அதனால்தான் ஹோஸுக்குள் ஒரு கம்பிச் சுருள் வைப்பார்கள். என் ஹோஸில் சுருள் இல்லை. பழைய சுருளை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டதா, ஹோஸ் மாற்றிய புண்ணியவான் தூக்கிப் போட்டானா, தெரியாது. நான்கு பேரும் மேல் ஹோஸை மட்டும் மாறி மாறி அமுக்கிப் பார்த்தார்கள், ஏனென்றால் அதற்குக் குனிய வேண்டியதில்லை.

ஹோஸும் சுருளும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் போனது பதினெட்டாயிரம். தெர்மோஸ்டாட்டை நானே திரும்ப மாட்டினேன், போன வாரம் அதே ஏற்றத்தில் முள் பாதியைத் தாண்டவில்லை.

கிரீன் சர்க்கிளில் மட்டும் இன்னும் லேசாக ஏறுகிறது. அது ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய ஷ்ரவுட் என்ற கூடு இல்லாததால். அது இல்லாவிட்டால் வண்டி நிற்கும்போது ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்துக் காற்றையே கிளறிக்கொண்டிருக்கும். யாரோ "இடைஞ்சல்" என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். ஆற்காட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் இந்த மாடலுக்கு ஒன்று கிடக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். போனில் கேட்டபோதே கடைக்காரர் சொல்கிறார், "அது இன்னாத்துக்கு சார், அது இல்லாமயே எல்லா வண்டியும் ஓடுது."