கெல்ப் காடுகளும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளும்: பரவும் தகவல் சரியா?

கெல்ப் என்பது கடலடிப் பாறைகளில் காடுபோல் வளரும் பெரிய பழுப்புக் கடற்பாசி. “மீன்பிடித் தடை கடல் நீரின் வெப்பத்தைக் குறைக்காது, ஆகவே பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளால் கெல்ப் காடுகளுக்குப் பயனே இல்லை” என்று ஒரு தகவல் பரவி வருகிறது. இதன் முதல் பாதி உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவு தவறு.

கெல்ப் அழிவதற்கு வெப்பம் மட்டுமே காரணம் அல்ல. உடலெங்கும் முட்கள் கொண்ட சிறு உருண்டை உயிரிகளான கடல் முள்ளெலிகள் வழக்கமாகப் பாறை இடுக்குகளில் ஒளிந்துகொண்டு, மிதந்து வரும் கெல்ப் துண்டுகளைத் தின்று வாழ்பவை. அவற்றை உண்ணும் விலங்குகள் குறைந்துவிட்டால் வெளியே வந்து, தண்டைப் பாறையோடு பிணைக்கும் பற்றுறுப்பையே கடித்து அறுக்கின்றன, கெல்ப் முழுதும் அலையோடு போய்விடுகிறது. தெற்குக் கலிபோர்னியாவில் இம்முள்ளெலிகளை உண்பவை சிங்கி இறால்களும் ஷீப்ஹெட் மீன்களும். மீன்பிடிப்பு முற்றிலும் தடைசெய்யப்பட்ட இடங்களில் இவை பெருகுவதால், 2014 முதல் 2016 வரை நீடித்த வெப்ப அலைக்குப் பின் அங்குள்ள காடுகள் வெளியிடங்களைவிட நன்றாக மீண்டன. நியூசிலாந்தின் லீ காப்பகத்திலும், 1975-இல் தடை வந்தபின் ஸ்னாப்பர் மீன்களும் சிங்கி இறால்களும் பெருகி, முள்ளெலிகள் மொட்டையடித்த பாறைகளில் கெல்ப் மீண்டும் வளர்ந்தது.

வடக்குக் கலிபோர்னியாவின் நிலை வேறு. அங்கு முள்ளெலிகளை உண்டுவந்த சூரியகாந்தி நட்சத்திர மீன், 2013-இல் தொடங்கிய நோயால் ஏறக்குறைய அழிந்தது. அந்த இழப்பை மீன்பிடித் தடை ஈடுசெய்ய முடியவில்லை. இந்த ஒரு கரையோரத்தை மட்டும் காட்டி எல்லாக் காப்பகங்களையும் பயனற்றவை என்பது பொறுப்பற்ற வாதம். அதை நம்பி ஒரு காப்பகத்தைத் திறந்துவிட்டால், முதலில் பிடிபடுபவை அந்தச் சிங்கி இறால்களும் பெரிய மீன்களுமே.