மதில்மேல் பூனை இறங்கிய பிறகு

கோத்தகிரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, படித்த நூல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். ஜூன் மாதம் தொடங்கி இன்றுவரை எங்கள் பேச்சு ஒரே நூல்வரிசையை விட்டு நகரவில்லை. நேற்றுக் கூட்டம் முடிந்தபோது இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமலேயே படியிறங்கிப் போனார்கள். பூனைகள் வரும் துப்பறியும் கதைக்காக இவ்வளவு மனத்தாங்கலா என்று சிலர் கேட்கக்கூடும். நாற்பது ஆண்டுகள் வாசகர்களோடு கூடவே வாழ்ந்த கதைமாந்தர்களைப் பற்றிய மனத்தாங்கலை நான் சிறிதாக நினைக்கவில்லை. அங்கே அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். கடைசி நாவலின் முடிவையும் பேச வேண்டியிருக்கிறது. படிக்க எண்ணியிருப்பவர்கள் அதை அறிந்து மேலே செல்லவும்.

அமெரிக்க எழுத்தாளர் லிலியன் ஜாக்சன் பிரான் எழுதிய ‘தி கேட் ஹூ’ வரிசையைத்தான் சொல்கிறேன். 1966இல் முதல் நாவல், 2007இல் கடைசி நாவல், மொத்தம் 29. எஸ்டேட் பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சமவெளிக்கு இறங்கிய ஒரு குடும்பம் அவற்றில் 22 நூல்களை அட்டைப்பெட்டியில் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. மலைவீட்டில் பல மழைக்காலங்களைக் கண்ட நூல்களுக்கே உரிய பூஞ்சை வாடையும், ஓரங்களில் தேநீர் நிறத்துக் கறைகளும் அவற்றில் இருந்தன. ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்திலும் யாரோ பென்சிலால் சிறு சிறு சரிக்குறிகள் இட்டிருந்தார்கள். தொடக்க நூல்களில் மூன்று குறிகள் இருந்தன. நடுவில் வந்தவற்றில் இரண்டு, பிறகு ஒன்று. கடைசி நாவலில் குறியே இல்லை. ஆயினும் அந்த முகம் தெரியாத வாசகர் வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. எங்கள் குழுவின் சண்டை முழுவதும் அந்தப் பென்சில் குறிகளுக்குள்ளேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

‘கோஸி’ என்று இந்த வகைக் கதையை அழைக்கிறார்கள். கொலை நம் கண்முன் நடக்காது, இரத்தம் கொட்டாது, துப்பறிபவர் போலீஸ்காரராக இருக்க மாட்டார், எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த சிற்றூரில் கதை நடக்கும். மலையில் வாழ்கிறவர்களுக்கு இந்த இலக்கணத்தை விளக்கவே தேவையில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டில் யார் யாரோடு பேசினார்கள் என்பது மதியத்துக்குள் டானிங்டன் வரை போய்ச் சேர்ந்துவிடும் ஊர் இது. தமிழில் பாக்கெட் நாவல் படித்து வளர்ந்த என் தலைமுறைக்குத் துப்பறியும் இணைகள் புதியவர்கள் அல்லர். கணேஷும் வசந்தும், விவேக்கும் ரூபலாவும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டு அடுக்களையில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்டதில்லை. பிரானின் நாவல்களில் அடுக்களை, நூலகம், உள்ளூர்ப் பத்திரிகை, விருந்துக்கு வந்தவர்கள், பூனைகளுக்கு வைத்த உணவு ஆகியவை கொலையைவிட அதிக இடம் பிடிக்கின்றன. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

எங்கள் குழுவில் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருடைய குற்றச்சாட்டு தெளிவானது. மர்மக் கதை என்று அட்டையில் போட்டுவிட்டு, முந்நூறு பக்கம் ஊர்க்கதை பேசி, கடைசி நான்கு பக்கத்தில் கொலையாளியின் பெயரைப் போகிறபோக்கில் சொல்லி முடிப்பது, கொழுந்துக்கு விலை வாங்கிக்கொண்டு முற்றல் இலையைக் கட்டிக் கொடுப்பதற்குச் சமம் என்கிறார். அவருக்கு நேர் எதிராக அமர்ந்திருந்தவர் எங்கள் டீச்சரம்மா. கணவர் கோயம்புத்தூரில் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் இரவுதோறும் இந்தப் பிற்கால நாவல்களைத்தான் படித்ததாகச் சொன்னார். “யார் கொன்றான் என்பது எனக்கு வேண்டியிருக்கவில்லை, விடிந்ததும் அந்த மனிதர் பூனைகளுக்குச் சாப்பாடு வைப்பார் என்பது நிச்சயமாகத் தெரிந்திருந்ததே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது” என்றார். அதற்குப் பின் யாரும் சற்று நேரம் பேசவில்லை. அண்ணனோ, அது நூலின் தரத்துக்குச் சான்று ஆகாது என்று மெதுவாகச் சொன்னார். நேற்றைய பிணக்கு அதனால் வந்ததுதான்.

அருவங்காட்டிலிருந்து வரும் கல்லூரி மாணவி வேறொன்றைச் சொன்னாள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவளுடைய கருத்துதான். முதல் மூன்று நாவல்களில் கதாநாயகன் ஜிம் குவில்லரன் மணமுறிவு கண்டவன், குடியை விட்டு மீண்டவன், நல்ல நாட்களைப் பின்னால் விட்டுவிட்டுப் புதிய நாளிதழில் தன் துறையல்லாத துறையில் வேலைக்குச் சேர்ந்த நிருபன். காசை எண்ணிச் செலவழிக்கிறான். ஐந்தாம் நாவலில் அவன் வடக்கே மூஸ் கவுண்டி என்ற கற்பனை மாவட்டத்துக்குப் போகிறான். அங்கே பெருஞ்சொத்துக்கு வாரிசாகிறான். பணம் வந்ததும் அவனுக்கு இழப்பதற்கு எதுவுமில்லாமல் போய்விட்டது, அதனால் எங்களுக்குப் பயப்படுவதற்கும் எதுவுமில்லாமல் போய்விட்டது என்றாள் அவள். அது உண்மைதான். ஆனாலும் நடு நாவல்களை நான் மகிழ்ச்சியோடுதான் படித்தேன். ஆகவே வீழ்ச்சிக்குக் காரணம் பணம் மட்டுமாக இருக்க முடியாது.

என் கருத்து இதுதான். கொலை பின்னுக்குப் போனதால் இந்த வரிசை கெடவில்லை. பூனை பூனையாக இருப்பதை நிறுத்தியதால்தான் கெட்டது.

இந்தக் கதைகள் பிறந்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரான் வளர்த்த சயாம் பூனை பத்தாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தது. யாரோ வேண்டுமென்றே தள்ளிவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அந்தத் துக்கத்தை ஆற்றிக்கொள்ள அவர் எழுதிய சிறுகதை 1962இல் எல்லரி குவீன் மர்ம இதழில் வெளிவந்தது. தன் மடியில் படுத்திருந்த, எடையும் சூடும் உள்ள ஓர் உயிரை இழந்தவர் எழுதிய எழுத்து அது. அதனால்தான் முதல் நாவலில் வரும் கோகோ அவ்வளவு உண்மையாக இருக்கிறது. யுவான் காலத்துச் சீன ஓவியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்தச் சயாம் பூனை செய்தித்தாளின் தலைப்பை வலமிருந்து இடமாகப் படிக்கிறதா, அல்லது காகிதத்தின் வாசனையை முகர்ந்துகொண்டு நகர்கிறதா என்று நம்மால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அடுத்த நாவலில் அது நாற்காலியின் கம்பளியை மென்று தின்கிறது. சயாம் பூனைகளுக்குக் கம்பளி மெல்லும் பழக்கம் உண்டு என்பதால் அதுவும் இயல்பாகவே இருக்கிறது. அதற்குப் பொருள் தேடுபவன் குவில்லரன். நமக்கு மீசை துடித்தால் கோபம். அவனுக்கு மீசை துடித்தால் சந்தேகம். பூனை தன் பாட்டுக்கு ஏதோ செய்ய, மனிதன் அதில் தன் உள்ளுணர்வைப் படித்துக்கொள்கிறான். எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாத மதில்மேல் பூனையாகக் கோகோ இருந்தவரையில், வாசகரும் அந்த மதிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாவல் 1968இல் வந்தது. அதன்பின் சந்தை வன்முறையையும் காமத்தையும் கேட்டது. பிரான் அவற்றை எழுத விரும்பவில்லை. 18 ஆண்டுகள் இந்த வரிசையில் நூலே வரவில்லை. 1986இல் மீண்டும் தொடங்கி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் 26 நாவல்கள் எழுதினார். இந்த இரண்டாம் காலத்தில்தான் கோகோ மெல்ல மெல்ல மதிலை விட்டு இறங்குகிறது. அலமாரியிலிருந்து அது தள்ளிவிடும் நூலின் தலைப்பிலேயே துப்பு இருக்கும். எங்கோ ஒருவர் உயிர் போகும் நொடியில் அது அடிவயிற்றிலிருந்து ஊளையிடும். கடைசி நாவலுக்கோ அதன் மீசைமயிர் அறுபது என்பதே தலைப்பு; பூனையின் திறமைக்குக் கணக்குச் சொல்லியாகிவிட்டது. பூனையின் மூக்கின் இரு பக்கமும் பொதுவாகப் பன்னிரண்டு பன்னிரண்டு மீசைமயிர்கள் இருக்கும், புருவத்தின் மேலும் தாடையிலும் இன்னும் சில. இருட்டில் இடுக்குகளை உணர்வதற்கு அவை உதவுகின்றன. இந்த உண்மையே போதுமான அதிசயமாக எனக்குப் படுகிறது.

என் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. சாதாரண நாட்டுப் பூனை, சாம்பல் வரிகள். சிறுத்தை நடமாட்டம் உள்ளதால் மாலை ஆறு மணிக்கு அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். சென்ற நவம்பரில் ஒரு நள்ளிரவு அடுக்களைப் பின்கதவின் முன் அது உட்கார்ந்திருந்தது. காதுகள் பின்னால் மடிந்திருந்தன, வால் இருமடங்கு பருத்திருந்தது, தொண்டைக்குள்ளிருந்து நான் அதுவரை கேட்டிராத ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட்டேன், அது திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் பின்பக்கத் தேயிலைச் செடிகளுக்கு இடையே, ஈர மண்ணில், என் உள்ளங்கையளவு கால்தடம் பதிந்திருந்தது. பூனைக்குத் தெரிந்திருந்தது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி அடித்துச் சொன்னார். ஆனால் அதே பூனை அதே கதவின் முன் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ இரவுகள் உட்கார்ந்து வெறித்திருக்கிறது; காலையில் நான் போய்ப் பார்த்தால் தடம் ஏதும் இருந்ததில்லை. இரண்டுமே உண்மை என்பதால்தான் இன்றும் அது கதவைப் பார்க்கும்போது நானும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். உட்காரும் ஒவ்வொரு முறையும் சிறுத்தை வரும் என்று ஆகிவிட்டால், என் வீட்டில் இருப்பது பூனையாக இராது, அலாரமாகத்தான் இருக்கும். பிற்காலக் கோகோவுக்கு நேர்ந்தது அதுதான்.

டீச்சரம்மாவின் அன்பை நான் இதனால் மறுக்கவில்லை. பிற்கால நாவல்களில் ஊர் உண்மையாகவே வளர்கிறது. பெயர் வைக்க முடியாமல் ‘மூஸ் கவுண்டி சம்திங்’ என்றே நின்றுவிட்ட பத்திரிகை, ஆப்பிள் கிடங்கைப் புதுப்பித்துக் கட்டிய வீடு, குவில்லரனின் தோழியான நூலகர் பாலி, பனி விழுந்து சாலை மூடும் நாட்கள் எல்லாம் ஓர் ஊரின் வரலாறு போலச் சேர்ந்துகொண்டே போகின்றன. மலைப்பாதையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் பஸ் நின்றுபோகும் வாரங்களில் அவற்றைப் படித்தால் அந்த நிம்மதி புரியும்.

ஆகவேதான் கடைசி நாவலைப் பற்றிய கோபத்தில் அண்ணனும் டீச்சரம்மாவும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். நானும் அவர்களோடு நிற்கிறேன். அதில் ஆப்பிள் கிடங்கு வீடு எரிந்துபோகிறது. பாலி பாரிசுக்குப் போய்விடுகிறாள். இரண்டையும் கதை கண்ணீருமில்லாமல் காரணமுமில்லாமல் கடந்து செல்கிறது. பல நூல்கள் நெடுக அந்த வீட்டுக்குள் வாசகரை உட்காரவைத்து, அங்கே விளக்கு எரியும் என்று வாக்குக் கொடுத்த எழுத்து, அந்த வீடு எரிந்ததைச் சொல்வதற்கு ஒரு முழு அத்தியாயமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். அப்போது பிரான் 90 வயதைக் கடந்திருந்தார். 2011இல் 97ஆம் வயதில் மறைந்தார். அந்த வயதில் எழுதியவரிடம் நான் கடுமை காட்ட விரும்பவில்லை. இதைக் கையெழுத்துப் படியாகப் படித்துவிட்டு, ‘இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் எழுதுங்கள் அம்மா’ என்று சொல்லக்கூடிய ஒருவர் அவர் அருகில் இருந்திருக்கலாகாதா என்ற ஏக்கம்தான் மிஞ்சுகிறது.

நேற்றிரவு அண்ணனை அலைபேசியில் அழைத்து, நான்காம் நாவலை மட்டும் மறுபடி படிக்கக் கேட்டுக்கொண்டேன். 18 ஆண்டு மௌனத்துக்குப் பிறகு கோகோ எப்படி வருகிறது என்பதைக் கவனிக்கச் சொன்னேன். படிப்பதாகச் சொன்னார். டீச்சரம்மாவுக்கு அவர் இன்னும் பேசவில்லை. அடுத்த கூட்டம் என் வீட்டில்தான். இருவரையும் அடுக்களைப் பக்கமாக, பூனை இருக்கும் இடத்தில் உட்காரவைக்கப் போகிறேன்.