கியாரோஸ்குரோ கரவாஜோவுக்கு முந்தையது

'கியாரோஸ்குரோ என்ற ஓவிய உத்தியைக் கண்டுபிடித்தவர் இத்தாலிய ஓவியர் கரவாஜோ' என்று சொல்வது சரியல்ல. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் படிப்படியாக இறக்கி உருவத்துக்குத் திரட்சி தருவதுதான் கியாரோஸ்குரோ. லியனார்டோ டா வின்சி 1480-களிலேயே 'பாறைகளின் கன்னி' ஓவியத்தில் அதை அருமையாகச் செய்திருக்கிறார். கரவாஜோ செய்தது வேறு: வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவிலுள்ள இடைத்தொனிகளைக் குறைத்து, பின்னணியை இருட்டில் தள்ளி, ஒரே பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சினார். அதற்குப் பெயர் டெனிப்ரிசம்.

ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் இருக்கும் அவருடைய 'மத்தேயுவின் அழைப்பு' (1599–1600) ஓவியத்தை உற்றுப் பாருங்கள். சுவரில் ஒரு சன்னல் வரைந்திருக்கிறார், ஆனால் அதன் வழியாக வெளிச்சமே வரவில்லை! ஒளி வலப்பக்கம் மேலிருந்து சாய்வாக, கிறிஸ்து நீட்டிய கைக்குச் சற்று மேலே இறங்கி, மேசையைச் சுற்றி இருப்பவர்களின் முகத்தில் விழுகிறது. தேவாலயத்துக்குள் அந்த ஓவியம் இருக்கும் சிற்றாலயத்தின் நிஜச் சன்னலும் அதே பக்கம்தான், பீடத்துக்கு மேலே.