பேப்பர் இருக்கா என்று கேட்டால் மட்டும் போதாது

பெர்சியன், மெயின் கூன் என்று ஜாதிப் பூனை வாங்கப் போகிறவர்கள் பிரீடரிடம் முதலில் கேட்பது "பேப்பர் இருக்கா?" என்றுதான். டிகா, சிஎஃப்ஏ போன்ற பூனைப் பதிவுச் சங்கங்கள் தரும் அந்தப் பதிவுத்தாள் வம்சாவளியை மட்டும்தான் சொல்லும். குட்டியின் இதயம், சிறுநீரகம் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

கேட்க வேண்டியது தாய், தகப்பன் இரண்டின் பரிசோதனை அறிக்கைகளை. பெர்சியன் என்றால் பிகேடி. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளர்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய். பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் டிஎன்ஏ முடிவு வந்துவிடும். இதைக்கூடச் செய்யாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

மெயின் கூன், ராக்டாலில் சிக்கல் அதிகம். எச்சிஎம் என்ற இதயத்தசை தடிக்கும் நோய்க்கு இந்த இரண்டு இனங்களிலும் ஆளுக்கொரு மரபணுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பிழை இல்லாத பூனைக்கும் நோய் வருகிறது. அதனால் டிஎன்ஏ நெகட்டிவ் என்று நிம்மதியாக இருக்க முடியாது. இனப்பெருக்கத்தில் இருக்கும் பூனைக்கு எக்கோ ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும், அதையும் வருடாவருடம். ஒரு வயதில் சுத்தமாக இருந்த இதயம் நாலு வயதில் தடித்திருக்கலாம். "டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துட்டார்" என்பது பதிலே இல்லை; இதய முணுமுணுப்பு கேட்காமலேயே இந்த நோய் இருக்கும்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் அதில் மைக்ரோசிப் (பூனையின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண்ணைப் பாருங்கள். பதினைந்து இலக்கம். ஸ்கேனரைத் தாய்ப்பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவே காட்டச் சொல்லி, திரையில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். சிப் எண்ணே இல்லாத அறிக்கை எந்தப் பூனைக்கும் பொருந்தும்.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு விஷயத்தில் எந்தச் சோதனையும் உதவாது. காது மடிவதற்குக் காரணமான அதே குருத்தெலும்புக் குறைதான் மூட்டுகளையும் வாலையும் இறுக்குகிறது. என்னைக் கேட்டால், வாங்கவே கூடாத இனம்.

குட்டிக்குப் பன்னிரண்டு வாரமாவது ஆகியிருக்கட்டும். எட்டு வாரத்தில் தள்ளிவிடப் பார்ப்பவர் இரண்டாவது தடுப்பூசிச் செலவை மிச்சம் பிடிக்கிறார். தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கடிக்கும் அளவைக் கற்றுக்கொள்ளும் காலமும் அதுதான். கண்ணில் பீளை, தும்மல், வாலுக்கடியில் ஈரம் இருந்தால் கிளம்பிவிடுங்கள். தாயைக் காட்ட மறுத்தாலும் அப்படியே.

வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் பூனையைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று நல்ல பிரீடர் எழுத்தில் தருவார். முன்பணம் கட்டுவதற்கு முன்பே அந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.